மஸ்ரானியின் பரணில் ஆறு மலைமாடுகள்

தண்ணீரைப் பார்த்து மிரளும் மிருகம் என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்பது ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் மஸ்ரானிக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தெற்குக் கலிமந்தானின் சதுப்பில் பிறந்தவர். வருஷத்தில் எட்டு மாதம் வாசல்படியிலேயே தண்ணீர் நிற்கும். அவருடைய பூனை நீந்தும். கோழி தவறி விழுந்தாலும் ஒரு வசவு வைதுவிட்டுக் கரையேறும். பெற்ற மூன்று பிள்ளைகளும் நடக்கக் கற்பதற்கு முன்னால் மிதக்கக் கற்றவர்கள்.

எருமைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீருக்கு நடுவே மரத்தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பெரிய பரண்தான் அவற்றின் கொட்டில். விடிந்ததும் மஸ்ரானி தட்டியைத் திறந்துவிடுவார். முப்பது எருமையும் சரிவுப் பலகையில் வழுக்கி இறங்கி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திப் போகும். முங்கி முங்கி அடிப்புல்லை இழுத்துத் தின்னும். பொழுது சாய்ந்தால் பெரியம்மா திரும்புவாள், மற்றவை பின்னால் வரும்.

பெரியம்மா என்பது ஒரு எருமை. வலது கொம்பு நுனி உடைந்த கிழம். அவள் வழி காட்டாவிட்டால் மந்தை நாலு திசையிலும் சிதறும். தோணியில் போய் ஒவ்வொன்றாகத் தேடினால் பாதிதான் கிடைக்கும். மஸ்ரானி தன் வீட்டு விஷயங்களைக்கூட அவளிடம்தான் முதலில் சொல்வார் என்று மனைவி ருஸ்மினாவுக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதரைத்தான் கால்நடை அலுவலகம் முன்னேற்ற வந்தது.

வந்தவர் பெயர் ஹெந்த்ராத்னோ. மலையடிவார ஊர்க்காரர். பளபளக்கும் காலணியோடு தோணியிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு தட்டைப்படகில் ஆறு வெள்ளை மலைமாடுகள், காதில் மஞ்சள் வில்லைகளோடு, சதுப்பைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றன. அந்த ஊர் மரியாதைப்படி பெயருக்கு முன்னால் 'பாக்' போட்டு ஆரம்பித்தார்.

"பாக் மஸ்ரானி, உங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. உசந்த ஜாதி மாடு. உங்க எருமை மாதிரி சேத்துல புரள்ற ஜென்மம் இல்ல."

"அப்படிங்களா? அப்போ வெயிலுக்கு என்னதாங்க பண்ணும்?"

"அதெல்லாம் திட்டத்துல எழுதியிருக்கு."

விரால் மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு ருஸ்மினா சோறு போட்டாள். சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு அதிகாரி காகிதத்தை நீட்டினார். ஒரு மாடு செத்தால் ஈடாக ஒரு எருமை; எந்த எருமை என்பது அலுவலகத்தின் விருப்பம். நம்முடைய சோற்றைத் தின்ற விருந்தாளியிடம் முகத்தைத் திருப்புவது அங்கே வழக்கமில்லை. அதோடு, சதுப்பில் மிருகம் சாவதென்றால் கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் சாகும். அப்போதோ நல்ல மழைக்காலம்.

"எங்க போய்ச் சாகப்போகுதுங்க? சுத்திலும்தான் தண்ணி இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடிந்தது. மஸ்ரானி வழக்கம்போல் தட்டியைத் திறந்தார். எருமைகள் போயின. மாடுகள் நகரவில்லை. புது இடம், கூச்சம் என்று நினைத்து, பிஸ்மில்லா சொல்லி முன்னால் நின்ற மாட்டின் பின்புறத்தில் கையை வைத்து அன்போடு ஒரு தள்ளு தள்ளினார்.

அட கடவுளே! அந்த மாடு அலறிய அலறலை ருஸ்மினா வீட்டிலிருந்து கேட்டாள். மலைப்பாறையில் தாவுவதற்கென்று அமைந்த சின்னக் குளம்பு, ஆகாயத்தாமரைக் கொடியில் சிக்கிக்கொண்டது. எருமைக்கு விரிந்து அகன்ற குளம்பு, சேற்றில் பதியாது, கொடியையும் மிதித்துத் தள்ளும். இது உதறிய உதறலில் கொடி இன்னும் இறுகியது. மஸ்ரானி குதித்துக் கொடியை வெட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாட்டுக்கு நீச்சல் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா உங்களுக்கு?" என்றாள் ருஸ்மினா.

"யாராவது மீனைப் பாத்துக் கேப்பாங்களாடி?"

மிச்சமிருந்த ஐந்தும் பரணைவிட்டு இறங்கவே இல்லை. எருமைகள் தாமாகப் போய் மேய்ந்துவர, மஸ்ரானி அந்த ஐந்துக்காகத் தினமும் நாலு நடை தோணி வலித்துப் புல் அறுத்துப் போட்டார். ஈரத்தில் அவற்றின் குளம்பு அழுகியது, மருந்து வைத்தார். கொசு மொய்த்தது, புகை போட்டார். எருமைகள் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கின. மாடுகள் சதுப்புக்குப் பழகவில்லை, மஸ்ரானிதான் மாடுகளுக்குப் பழகினார். இரண்டே மாதத்தில் கைலியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக் கட்டவேண்டியிருந்தது.

செத்த மாட்டின் கணக்கைத் தீர்க்க ஹெந்த்ராத்னோ இரண்டு ஆட்களோடும் தட்டைப்படகோடும் ஒரு நாள் வெயில் தணிகிற நேரத்தில் வந்து சேர்ந்தார். பரணை ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று பார்த்துப் பெரியம்மா வயசான அலுப்பில் மேயப் போகாமல் நின்றிருந்தாள். விரல் நேரே அவள்மேல் போய் நின்றது.

மஸ்ரானி குறுக்கே போய் நின்றார். "ஐயா, அவ மட்டும் வேண்டாங்க. இளசா ரெண்டு ஓட்டிட்டுப் போங்க, மூணு வேணும்னாலும் எடுத்துக்குங்க. அவ போனா என் மந்தை வீடு வந்து சேராதுங்க."

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கு. ரெண்டு வாங்கினா அது லஞ்சம். நான் நேர்மையானவன், பாக் மஸ்ரானி." பெற்றுக்கொண்டதாக ரசீதும் அங்கேயே எழுதிக் கொடுத்தார். "கயிறு எங்க?"

"எங்க எருமைங்க கயிறே பாத்ததில்லைங்க."

ருஸ்மினாவின் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்கள். படகு நகர்ந்தது. பெரியம்மா ஒரு சத்தமும் போடாமல் நின்றாள். மஸ்ரானி பரண் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதார். ருஸ்மினா முதன்முறையாக அந்த எருமைக்காக மூக்கைச் சிந்தினாள்.

பிறகு நடந்ததைப் படகில் போன ஆட்கள் சொல்லித்தான் ஊர் கேட்டது. பொழுது சாயும்வரை பெரியம்மா பேசாமல் நின்றாளாம். சாய்ந்ததும் திரும்பிப் பார்த்தாளாம். வீடு ஒரு பக்கம் இருக்க, படகு இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் கோபப்படவில்லை, முட்டவில்லை. வாசல்படி இறங்குவதுபோல் படகிலிருந்து இறங்கினாள். கயிறு அறுந்தது. அத்தனை கனமும் ஒரே ஓரத்தில் அழுந்த, படகு குப்புறக் கவிழ்ந்தது. உள்ளூர் ஆட்கள் இருவரும் நீந்திப் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெந்த்ராத்னோவின் கைக்குக் கிடைத்தது எருமையின் வால்.

அந்தி மங்குகையில் மஸ்ரானி பார்த்தார். முன்னால் பெரியம்மா, பின்னால் வழியில் சேர்ந்துகொண்ட இருபத்தொன்பது எருமை. நடுவில், வாலைப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கால்நடை அலுவலகம் வந்துகொண்டிருந்தது.

ருஸ்மினா காய்ந்த கைலி ஒன்றை எடுத்துப் போட்டாள். அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்தார். மை கரைந்து, காகிதம் கூழாகியிருந்தது.

"எருமை திரும்பி வந்துடுச்சு, பாக் மஸ்ரானி. கணக்கு தீரல," என்றார் குளிரில் பல் கிடுகிடுக்க.

மஸ்ரானி அந்த ரசீதைப் பத்திரமாக நீட்டிக் காட்டினார். "தீந்துடுச்சுங்களே. நல்லபடியா வாங்கிக்கிட்டேன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

ஹெந்த்ராத்னோ தன் கையெழுத்து வரை ரசீதை இரண்டு முறை படித்தார். பிறகு, மாடுகள் உயர்ந்தவை, சதுப்புதான் தரம் குறைந்தது, எனவே மாடுகளைத் திரும்பப் பெறலாம் என்று அறிக்கை எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். கொசுவை அடித்துக்கொண்டே, ஐந்து மாடுகளுக்கு நடுவில் ஒண்டி நின்று, நாலாபக்கத் தண்ணீரையும் பார்த்தார்.

"நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"காலையில படகு வருங்க," என்றார் மஸ்ரானி, தோணியை அவிழ்த்துக்கொண்டே. "அதுவரைக்கும் கீழ இறங்காம அதுங்களோடயே நில்லுங்க. உங்களுக்கும் சேத்து நான் புல்லு அறுத்துட்டு வந்துடறேன்."