தல்மாசியோவின் பன்னிரண்டு நகர்த்தல்கள்

தனாவான் சந்தையில் டிரைசைக்கிள் என்ற பக்கப்பெட்டி வைத்த மோட்டார் வண்டி ஓட்டும் தல்மாசியோ மூன்று வாரமாக இரண்டு கன்னத்திலும் உதட்டுச்சாயத்தோடு அலைந்தார். அங்குள்ள வண்டி நிறுத்தத்தின் சட்டம் அப்படி. சதுரங்கத்தில் தோற்றவருக்குத் தினமும் சிவப்பு வட்டம் வரைவார்கள். ஜெயிக்கும்வரை அழிக்கக் கூடாது. அழித்தால் வரிசையில் கடைசி இடம்.

அங்கே எந்த ஆட்டமும் முழுதாக நடந்ததில்லை. முன்வண்டியில் நாலு பேர் ஏறிவிட்டால் அதன் ஓட்டுநர் கிளம்பியே ஆக வேண்டும். அந்த நொடியில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்கே வெற்றி. ஆகவே தொடக்கம்தான் எல்லாம். தல்மாசியோ எப்போதும் மூலைச் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவார். கேட்டால், "யானைக்குக் காத்து வேணாமா?" என்பார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் மகள் ஜோவனலினுக்குப் பள்ளியில் பதக்கம். அப்பாதான் மேடையேறி அதைக் கழுத்தில் போட வேண்டும்.

"இந்த மூஞ்சியோட வந்தீங்கன்னா, யாரோ தெரியாத ஆளுன்னு சொல்லிடுவேம்ப்பா" என்றாள் அவள்.

பயந்துபோன தல்மாசியோ, மணிலா போட்டி ஒன்றின் ஆட்டத்தைக் கணினிக் கடையில் அச்செடுத்தார். முதல் பக்கம் மட்டும். பன்னிரண்டு நகர்த்தல். அதற்குமேல் நிறுத்தத்தில் யார் ஆடியிருக்கிறார்கள்? தாளைக் கண்ணாடியில் ஒட்டி, வெள்ளைக் காய்களின் ஆட்டத்தை உரக்க ஒப்பித்தபடியே ஓட்டினார். ஒன்பது நாளில் பயணிகளுக்கும் பாடமாகிவிட்டது.

"அண்ணே, ஏழாவது மந்திரி. நீங்க குதிரைங்கிறீங்க" என்று தேங்காய் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் திருத்தினாள்.

வியாழன் மதியம் சக ஓட்டுநர் ருப்பெர்த்தோவோடு வெள்ளைக் காய்களை வைத்து ஆட உட்கார்ந்தார். வரிசையில் முதலில் நின்றது ருப்பெர்த்தோவின் வண்டி. மூன்று பேர் ஏறியிருந்தார்கள். ருப்பெர்த்தோ தாளில் இருந்தபடியே பதில் ஆட ஆட, தல்மாசியோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவதாக ராணி பாய்ந்து மூலையோரச் சிப்பாயை வெட்டியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ராணியை வைத்த பிறகுதான் கவனித்தார். அவளுக்குத் திரும்பி வர வழியே இல்லை.

ருப்பெர்த்தோ சிரித்தார். "மச்சான், உன் வண்டியிலதான எம் பொண்டாட்டி சந்தைக்கு வர்றா? நீ ஒப்பிச்சதை அப்படியே வந்து சொல்லிட்டா. நான் அதே கடையில ரெண்டாம் பக்கமும் எடுத்துப் படிச்சேன். வெள்ளை தோத்துட்டான்டா!"

ஒன்பது நாள் உருப்போட்டது தோற்றவன் ஆட்டம். தல்மாசியோவின் கன்னத்து வட்டங்கள் வெளிறின. ராணியைப் பிடிக்க ருப்பெர்த்தோ குதிரையைத் தூக்கினார்.

"யோவ், வண்டிய எடு!" அவர் மனைவி பெர்பெத்துவா மீன் கூடையோடு நாலாவது இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு நகர்த்தல்டி!"

"மீன் நாறிடும். குதிரைய வீட்ல வந்து மேய்ச்சுக்க!"

மற்ற மூவரும் கத்தினார்கள். சட்டம் சட்டம்தான். குதிரை பழைய இடத்துக்கே போனது. வாழைப்பழ வறுவல் விற்கும் தெபான் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு சிப்பாய் அதிகம், காயெல்லாம் வெளிய நிக்குது. தல்மாசியோவுக்குத்தான்!"

உதட்டுச்சாயத்தை வாங்கி, கணவன் கன்னத்தில் பெர்பெத்துவாவே வட்டம் வரைந்தாள்.

மறுநாள் தல்மாசியோ பளிச்சென்ற முகத்தோடு மேடையேறினார். இந்த மாதம்தான் அவர் வண்டியில் தினமும் வரத் தொடங்கிய தலைமையாசிரியை பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஜோவனலின், எங்கேம்மா உங்க அப்பா?"

ஜோவனலின் பெருமையாக அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இவருதான் டீச்சர். நேத்து ஜெயிச்சிட்டாரு!"