பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிய கம்ப்யூட்டர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். படித்தது பத்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் பத்திரிகைக்கு எழுத வந்தது கொஞ்சம் அதிகப்படிதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 அல்லது 2009ஆக இருக்கும். கொல்லிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வாழவந்தி நாடு என்ற மலைக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

"இத உட்டா அடுத்த வருசந்தாங்கண்ணா. அதுக்குள்ள எங்கூட்டுக்காரரு மாப்பிள்ளை பாத்துருவாரு" என்றார் அந்த அம்மா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த இணையதளத்தைப் போன வாரம்தான் புதிதாக மாற்றியிருந்தார்கள். பழையதில் காலையில் உள்ளே நுழைந்தால், மதியம் சாப்பிட்டு வந்துகூட விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதியது அப்படி இல்லை. பத்து நிமிடம் ஆனதும் 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று காட்டி, அதுவரை அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு வெளியே தள்ளிவிடும். எக்ஸ்பயர்டு என்ற வார்த்தையை நான் அதுவரை மாத்திரை அட்டையில்தான் பார்த்திருந்தேன்.

முதல் தடவை தெருப் பெயரில் மாட்டிக்கொண்டோம். அதைக் கட்டாயம் நிரப்பவேண்டும். மலையில் ஏது தெரு? அந்த அம்மா வழி சொல்ல ஆரம்பித்தார்.

"ரோட்டுல இருந்து எறங்குனா ஒரு பெரிய பலாமரம். அதுக்கு மேக்கால ஓடை. ஓடையத் தாண்டி எங்க பங்காளி ஊடு. அவங்க நாய் கட்டியிருப்பாங்க, அத எழுதிக்கோங்க."

"ஊர்ப் பேரையே போட்டுடுங்கண்ணா" என்றாள் மகள்.

"அப்பறம் கடுதாசி எப்படிறீ வந்து சேரும்? நாயப் பத்திச் சொல்லாட்டி போஸ்ட்மேனு என்ன ஆவாரு?"

போஸ்ட்மேனின் கதி முடிவாவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

இரண்டாம் தடவை எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அசைவே இல்லாததால் இங்கே ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது, மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால் விடாது என்று நானே முடிவு செய்தேன். மவுஸை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, நான் மார்க் ஷீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அவர் எழுந்து நின்று, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கேழ்வரகுக் களி கிண்டுவதுபோல் மவுஸைச் சுழற்றினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். சரியாகப் பத்தாவது நிமிடம், செஷன் எக்ஸ்பயர்டு.

"நடுவுல கைய நிறுத்தியிருப்பீங்க" என்றேன். என் தப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"ஏனுங்கண்ணா, இருவது பேருக்குக் களி கிண்டுற கைங்க இது. நிக்குமா?"

மூன்றாம் தடவை எல்லா விவரத்தையும் முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வேகமாகத்தான் அடித்தேன். ஆனால் போட்டோ ஏறுவதற்கே ஏழு நிமிடம் ஆயிற்று. மறுபடியும் வெளியே தள்ளியது. மணி நாலு. அந்தப் பெண் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கத்தின் தலையிலேயே உதவிக்கு ஒரு சென்னை போன் நம்பர் இருந்தது. ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாராவது இங்கிலீஷில் பேசினால் என்ன செய்வது என்ற பயத்தில் கூப்பிடவே இல்லை. அன்றும் அதைக் கையால் மறைக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன். மகள் அதைப் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கடைப் போனை எடுத்து மகளை அந்த எண்ணை அழுத்தச் சொன்னார். சென்னை வெகுதூரம் என்பதால் குரலையும் உயர்த்தினார்.

"ஏனுங்க சாமி! கொல்லிமலைல இருந்து பேசறமுங்க! உங்க கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்னங்க கோவம்? பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வெளியே தள்ளிக் கதவச் சாத்துதுங்க! ஊட்டுக்கு வந்தவங்கள இப்படித்தான் தொரத்துவீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பது எனக்குக் கேட்டது. நல்ல தமிழில்தான் பேசினார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"அண்ணன் கூச்சப்படறாருங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

ஒரு முழ தூரத்தில் இருந்த எனக்கு எல்லாமே கேட்டது. இருந்தாலும் அந்த அம்மா ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்னார். "மவுஸ ஆட்டறதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதாம். பக்கத்தக் கீழ எறக்கோணுமாம். இன்னுங் கீழ. இன்னுங் கீழயாமுங்கண்ணா. பச்சப் பொட்டி ஒண்ணு தெரியுதுங்களா?"

தெரிந்தது. 'சேமி' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. புதிதாக மாற்றியபோது வைத்த பொத்தான். கொஞ்சம் அடித்ததும் அதை அழுத்தினால் அடித்தது பத்திரமாக இருக்கும், பத்து நிமிடக் கணக்கும் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பழைய பக்கத்தில் கீழே ஒன்றும் இருக்காது என்பதால், நான் ஒருமுறைகூட அங்கே இறங்கிப் பார்க்கவில்லை.

ஐந்து அடிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்ப எண் வந்தது. அந்த அம்மா போனில் பேசிய பெண்ணைப் பலாப்பழ சீசனுக்கு மலைக்கு அழைத்துவிட்டுத்தான் வைத்தார். அவர் மகள் இப்போது சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

அந்த ஒரு வாரத்தில் இதே விண்ணப்பத்துக்கு வந்து, 'நெட் சரியில்லைங்க' என்று நான் திருப்பி அனுப்பிய மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கூச்சத்துக்கு நான் மட்டும்தான் நஷ்டப்படுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒன்று தெரியவில்லை என்றால், கூச்சமாக இருந்தாலும் யாரிடமாவது கேட்டுவிடுகிறேன்.

விண்ணப்பித்த மறுநாள் நன்றி சொல்வதற்காக மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு, அந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் எடுக்கவில்லை.