ஏணிக்கு வைத்த பொட்டு

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். மேல்தட்டுச் சாமான்களை ஏணி போட்டு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு ஏணி என்றாலே ஆகாது. "ஒருவாட்டி விழுந்தீன்னாலும் அன்னைக்கோட வேலைக்கு முழுக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ அந்தக் கடைதான் பிறந்த வீடு மாதிரி.

போன ஆயுத பூஜைக்கு ஏணியைக் கழுவி, எட்டுப் படியிலும் நடுவில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். சோறு போடுகிற ஏணி, கஞ்சத்தனம் பார்க்கலாமா? மறுநாள் விஜயதசமி. அவரவர் ஆயுதத்தை எடுத்து ஒரு வேலையாவது தொடங்க வேண்டும். முதலாளி ஆச்சி, "ஏறி ஒரு இட்லிக் கொப்பரைய எடுத்து ஆரம்பி ஆத்தா" என்றார்.

ஏணியைத் தொட்டுக் கும்பிட்டுக் காலைத் தூக்கினேன். பூஜை செய்த பொட்டை எப்படி மிதிப்பது? காலை அகட்டி, படியின் இரண்டு ஓரத்திலும் வைத்துத் தவளை மாதிரி ஏறினேன். ஐந்தாவது படியில் நின்று கொப்பரையைத் தூக்கியபோது சேலை இழுத்துப் பிடித்தது. முருகா என்பதற்குள் தரையில் இருந்தேன். கொப்பரை வாசல் வரை உருண்டு போனது.

"நேரா ஏறுனா என்னத்தா?"

"பொட்ட மிதிக்கக் கூடாதுல்ல ஆச்சி."

"அப்ப படியில எதுக்கு வச்ச?"

கணுக்கால் வீங்கியது. வலியைவிட, வேலை போய்விடுமே என்றுதான் அழுகை வந்தது.

ஆச்சி போன் போட, ஆட்டோ வந்தது. என் வீட்டுக்காரர் தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். நெற்றியில் கீறல்.

"இனிமே இவ வேலைக்கு வரமாட்டா ஆச்சி."

"அது கெடக்கட்டும். நெத்தியில என்ன?"

"வேப்பங்கொப்பு அடிச்சிருச்சு. ஆட்டோ முன்கண்ணாடி பூரா சந்தனம். சாமிக்குப் பூசுனதத் துடைக்க மனசு வரல, தலைய நீட்டித்தான் ஓட்டுறேன்."

"சரியான சோடிதான். அப்ப நீங்க எப்ப ஆட்டோ ஓட்டுறத நிப்பாட்டப் போறீக?"

அவர் என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்கு அவர் அந்தப் பக்கம் தலையை நீட்ட, நான் இந்தப் பக்கம் நீட்டி, "மாடு வருது, பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். வெளியே வந்ததும் அவர் கண்ணாடியைக் கும்பிட்டு, துண்டால் ரோடு தெரிகிற அளவுக்கு ஒரு வட்டம் துடைத்தார்.

"கால் சரியாகட்டும்" என்றார். "நானே கடையில கொண்டாந்து விடுறேன்."