நாற்பதைத் தாண்டினால் வெளியே

ஜெயசுதாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். விதியைக் கொஞ்சம் வளைத்துக்கொள் என்று மட்டும் சொல்லக் கூடாது. திருவண்ணாமலை ரோட்டில், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு நாலு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு வரை மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியின் செஞ்சி கிளையில் வசூல் வேலை பார்த்தாள்.

அந்தக் கிளையில் இருபத்தேழு பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வசூலை வைத்து எல்லாரையும் வரிசைப்படுத்தி, பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். கடைசி மூன்று பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொண்டூர்ப் பக்கம் மழை பொய்த்த வருடம், அங்கிருந்த பெண்களின் வாசலில் நின்று மானத்தை வாங்க ஜெயசுதாவுக்கு மனம் வரவில்லை. சறுக்கினாள், சறுக்கியும் இருபத்து நாலாவது இடத்தில் நின்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டவளை மேனேஜர் எழிலரசன் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இருபத்தாறாவது ஆள் அவருடைய மச்சினன். அவன் இன்றைக்கும் அங்கேதான் குப்பை கொட்டுகிறான். எழிலரசன் நாசமாய்ப் போக வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

கையிலிருந்த பணத்தில் கடை வைத்தது போக மீதியைப் பங்குச் சந்தையில் போட்டாள். அதற்கும் ஒரு பட்டியல். பெரிய கம்பெனிகள் இருநூறை எடுத்து, போன ஒரு வருடத்தில் எது அதிகம் ஏறியது என்று மாதத்தின் முதல் ஞாயிறு வரிசைப்படுத்துவாள். முதல் இருபதுக்குள் வந்தால் வாங்குவாள். இருபதைத் தாண்டியதுமே விற்க மாட்டாள். ஒன்றிரண்டு இடம் சறுக்கியதற்கெல்லாம் விற்று விற்று வாங்கினால் தரகுக்கும் வரிக்குமே சரியாகிவிடும். நாற்பது வரை உள்ளே, நாற்பத்தொன்று என்றால் வெளியே. மச்சினன் சலுகை யாருக்கும் கிடையாது.

போன வருடம் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக வந்து நின்றது, அவளைத் துரத்திய அதே கம்பெனி.

"இன்னாடி இது, அவனுங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னியே?" என்றான் புருஷன் தனகோட்டி, லோடு வண்டி ஓட்டுகிறவன்.

"ரூலு சொல்லுது. வாங்கித்தான் ஆவணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். ஏறியது. ஏற ஏற அவளுக்கு வயிறு எரிந்தது. லாபம் வந்து வயிறெரிந்தவள் செஞ்சியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிறகு பட்டியலில் இறங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளக் கை துறுதுறுத்தது. ஆனால் இருபத்து நாலாவது ஆளைத் தள்ளியவன் செய்ததும் அதுதானே? பொறுத்தாள். ஜூன் மாதம் சரியாக நாற்பதில் வந்து நின்றது.

அந்த வாரம் எழிலரசனே கடைக்கு வந்தார். ஜெயசுதா ஷேரில் கெட்டிக்காரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய சங்கதி எதுவுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

"இன்னாம்மா ஜெயசுதா, நம்ம கம்பெனி ஷேர் உங்கிட்டயும் இருக்குதாமே? வீடு கட்ட வெச்சிருந்த துட்டப் பூரா நான் அதுலதான் போட்டேன். எறங்கிக்கினே போவுது, டென்ஷனா இருக்குது. நீ வெச்சிருக்கியா, வித்துட்டியா?"

"வெச்சிருக்கேன் சார். ஒண்ணு கூட விக்கல."

பொய்யே இல்லை. அவர் முகம் தெளிந்தது. "அப்ப நானும் வெச்சிக்கிறேன்" என்று கிளம்பினார். எப்போது விற்பாய் என்று அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் எதை வாங்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அதுவே போதும். நாக்கு நுனி வரை வந்ததை ஜெயசுதா விழுங்கியது வேண்டுமென்றேதான்.

ஜூலைப் பட்டியலில் ஐம்பத்தேழு. திங்கட்கிழமை காலை சந்தை திறந்ததும் அத்தனையையும் விற்றாள். எழிலரசனின் நம்பர் போனில் இருந்தது. கூப்பிடவில்லை. மூன்றே வாரத்தில் கம்பெனியின் வாராக்கடன் கணக்கு வெளியே வந்து, விலை பாதியானது.

அவர் மறுபடி வந்தபோது சட்டை கசங்கியிருந்தது.

"வெச்சிருக்கேன்னு சொன்னியேம்மா?"

"அன்னிக்கி வெச்சிருந்தேன் சார். அப்புறம் நாப்பதத் தாண்டிட்டுது. வெளிய அனுப்பிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே. வீடு பேஸ்மட்டத்தோட நிக்குது."

"இருபத்து நாலுல நின்னவள அனுப்புனீங்களே, ஏன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? நானாவது ரூல்படி அனுப்புனேன்."

அவர் திரும்பி நடந்தார். படியிறங்கும்போது கால் தடுமாறிற்று. அந்தத் தடுமாற்றத்தை ஜெயசுதா ஒன்று விடாமல் பார்த்தாள். ஆறு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான், இனிக்கத்தான் செய்தது. ஐயோ பாவம் என்று ஒரு நினைப்பு எப்படியும் வரும் என்று எதிர்பார்த்து, அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை. அப்போதுதான் தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.