மில்லுக்கு வந்த ஜப்பான்காரரும் என் ஓட்டை இங்கிலீஷும்

பஞ்சாலை ஃபிட்டருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானிய பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். சோற்றுக்காக அந்நிய பாஷையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் தற்காலிக ஃபிட்டராக இருந்தேன். ஜப்பானிலிருந்து நூல் சுற்றும் மெஷின் ஒன்று வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க யமாடா என்றொருவரும் வந்தார். “நீ ஐ.டி.ஐ. படிச்சவன்தானே, அவர் கூடவே இரு. மெஷினை நீயே ஓட்டிக் காட்டினா வேலை நிரந்தரம். இல்லைன்னா வேற இடம் பாத்துக்கோ” என்றார் மேனேஜர். அப்போதுதான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் குடித்தனம் வைத்திருந்தேன். வேற இடத்துக்கு எங்கே போக?

அரைப் பக்க அர்த்தம்

யமாடாவுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. மதுரைக்குப் போய் ஜப்பானிய–இங்கிலீஷ் அகராதி ஒன்று வாங்கி வந்தேன். அதில் ‘ககேரு’ என்று ஒரு சொல். பூட்டுக்கு ஒரு அர்த்தம், போனுக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று இங்கிலீஷில் அரைப் பக்கம் நீண்டது. அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் பார்க்க இன்னொரு அகராதி. ஒரு வாரம் அதை உருப்போட்டு எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை. “வீட்டுக்குப் பூட்டு போடுறோம், போன் போடுறோம், நீங்க கண்ணாடி போடுறீக, டிரைவர் பிரேக் போடுறாரு. எல்லாம் நம்ம ‘போடு’தானே? இதுக்கா தலையில கை வச்சு உக்காந்திருக்கீக?”

மிச்சம் வைக்காதவர்

யமாடா இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். அது அவர்கள் ஊர் மரியாதை. காலியான இலையைப் பார்த்தால் எங்கள் மெஸ்காரர் செல்லையா அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. இது எங்கள் ஊர் மரியாதை. “தைஜோபு, தைஜோபு” என்று கும்பிடுவார் யமாடா. அகராதி அதற்கும் நாலைந்து அர்த்தம் சொல்லும். இங்கே ‘போதும் சாமி’ என்பதுதான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அண்ணனிடமும் சொன்னேன். அவர் ரசவாளியை இறக்கவே இல்லை.

“போதும்னு சொல்லாம எந்த மனுசன் சாப்பிட்டிருக்கான்? நீ செத்த நேரம் சும்மா இருப்பா!”

ராகுகாலத்துக்கு முன்னால்

ஸ்விட்சைத் தொடும் முன் யமாடா மெஷினைச் சுற்றி வருவார். ஒவ்வொரு பாகத்துக்கும் விரலை நீட்டி, சரியாக இருந்தால் “யோஷி!” என்று சத்தம் போடுவார். “சாமியாடுதாரு” என்று சிரிப்பான் என் கூட்டாளி ஃபிட்டர் முத்தையா. நானும் சிரித்தவன்தான்.

மெஷின் ஓட்டும் வெள்ளிக்கிழமை வந்தது. மாலை, சந்தனம், குங்குமம். முதலாளி பூசணிக்காய் உடைத்தார். “சுவிட்சைப் போடுப்பா, ராகுகாலம் பொறக்கப் போகுது” என்று விரட்டினார் மேனேஜர். ஓட்ட வேண்டியவன் நான். யமாடா என்னையே பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று விரலை நீட்டிக்கொண்டு நடந்தேன். பெல்ட், யோஷி. மோட்டார், யோஷி. பின்னால் சிரிப்புச் சத்தம். மெஷினின் மறுபக்கம் போனால் பல்சக்கர மூடி திறந்து கிடக்கிறது. முத்தையா குத்தவைத்து, முழங்கை வரை உள்ளே விட்டு, பல்லுப் பல்லாகக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறான்!

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “ராகுகாலம் முடிஞ்ச பொறவே ஓட்டுவோம்” என்றார். அப்படியே ஓட்டினேன், நன்றாக ஓடியது. முத்தையா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏலே, இன்னைக்கு எம் பிள்ளைக்கு இந்தக் கையாலதாம்லே சோறு ஊட்டுவேன்.”

என் வேலை நிரந்தரமாகி யமாடா ஊருக்குக் கிளம்பியபோது நன்றி சொல்ல அகராதியைப் புரட்டினேன். அதற்கு மட்டும் ஏழெட்டுச் சொல் கிடந்தும் ஒன்றுகூடப் பத்தவில்லை.