மூன்றாம் வருஷத்து வறட்சி

எண்பதுகளில் எங்கள் பக்கம் மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. என் அப்பா ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சாயங்காலம் திருச்சுழியில் மதுரை பஸ் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து, தன் செய்தி வந்திருக்கிறதா என்று தேடுவார்.

முதல் இரண்டு வருஷம் வந்தது. செய்தி வந்தால் தாசில்தார் ஜீப் வரும், தண்ணீர் லாரி வரும், ரோட்டு வேலையும் கொடுப்பார்கள். அப்பா எழுதினால் நடக்கும் என்று ஊர் நம்பியது. மூன்றாம் வருஷம் ஒரு வரிகூட வரவில்லை. அவர் பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, வறட்சி பழைய சங்கதி, புதுசாக ஏதாவது அனுப்புங்கள் என்றார்களாம். கண்மாய் காய்ந்து கிடப்பதில் புதுசுக்கு எங்கே போவது? ஊரில் இதைச் சொன்னால் யாரும் காது கொடுக்கவில்லை. அதிகாரிகள் பணம் கொடுத்து அவரைக் கவனித்துவிட்டார்கள், கவரில் கோயில் பொங்கல் செய்திதான் போகிறது என்று பேசினார்கள். ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பியவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். கவர் கொடுப்பதை மட்டும் விடவில்லை.

தொண்ணூறுகளில் மதுரையில் பொருளாதார ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பழைய நாளிதழ்களில் வறட்சி, குடிநீர், நிவாரணம் போன்ற சொற்கள் மாதத்துக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, அதிலிருந்து மாவட்டத்தின் நிலைமையைக் கணிப்பது என் வேலை. அந்த எண்ணிக்கையை வரைபடக் கோடாகப் போடக் கம்ப்யூட்டர் இருந்தது, எண்ணுவதற்கு என் கண்தான். இந்தத் தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். உள்பக்க மூலையிலாவது அப்பாவின் செய்தி ஒன்று கிடக்கும், அதை ஊர்க்காரர்கள் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு.

மூன்றாம் வருஷத்துப் பேப்பர்களைத்தான் முதலில் எடுத்தேன். திரும்பத் திரும்பப் புரட்டியும் எங்கள் ஊர் இல்லை. கோடு அந்த வருஷம் மளமளவென்று இறங்கியது. அதைப் பார்த்த என் வழிகாட்டிப் பேராசிரியர், உங்கள் பகுதி அப்போது தேறிவிட்டது போலிருக்கிறதே என்றார். அப்போதுதான் சார் ஊரே காலியானது என்று சொல்லி மழைக் கணக்கை எடுத்துக் காட்டினேன். நல்ல மனிதர், யோசித்தார். வறட்சி நீடித்தால் பத்திரிகைக்கு அலுத்துவிடும், இந்த முறையில் உள்ள ஓட்டை அது, தனி அத்தியாயமாகவே எழுதம்மா என்றார்.

ஆராய்ச்சிக்கு அது லாபம்தான். அப்பாவுக்கு என்ன ஆயிற்று? பேப்பர்காரர்கள் போடவில்லையா, நிருபர் அனுப்பவில்லையா என்பதை வராத செய்தி சொல்லாது. எனக்கு அழுகையாக வந்தது.

அந்த லீவில் ஊருக்குப் போனபோது அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்புட்டுப் பேப்பரயும் பாத்தியே, நம்மூருச் சேதி ஒண்ணாச்சும் இருந்துச்சா?"

"இல்லப்பா."

அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நான் அனுப்புனேன் தாயி," என்றார்.

பெற்ற மகளிடமே அவர் சாட்சி சொல்ல வேண்டியதாகிவிட்டது. தெரியும்ப்பா என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் நம்புகிறேனா என்று.