சாவிக்கடை அக்கா கொடுத்த குரல்

சாவியை நீட்டினால் சாவிக்கடை அக்கா அதை வாங்கி முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். சோப்பு வாசனை அடித்தால் நகல் கிடையாது. "இதை யாரோ ஏற்கெனவே சோப்புல அழுத்தி அச்சு எடுத்திருக்காங்க. முதல்ல போய்ப் பூட்டை மாத்து, அப்புறம் வா." பாத்திரம் கழுவிய கையோடு கிளம்பி வந்த எத்தனையோ அப்பாவிகள் முழித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். அக்கா அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை.

மாடிப்படிக்குக் கீழே கடை. உள்ளே ஒரு ஆள் திரும்ப வேண்டுமென்றால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும். அக்கா ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. வெட்டும்போது பிசகிப்போன சாவியை அப்படியே தூக்கிப் போட மாட்டார். பல் மழுங்க அராவி, தகடாக்கிய பிறகுதான் குப்பைக்குப் போகும். கடைக்கு மூன்று பூட்டுகள். அதில் ஒன்று எதையும் பூட்டவில்லை, சும்மா தொங்குகிறது. ஏன் என்று கேட்டேன். "திருடன் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்றார். கைப்பேசி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருப்பார். எதிர்முனை முதலில் பேச வேண்டும். அது யார் என்று தெரிந்தபிறகுதான் இவர் வாயைத் திறப்பார்.

இப்பேர்ப்பட்டவர் தன் குரலைப் பதிவுசெய்ய ஒத்துக்கொண்டது தங்கைக்காக. நான் வேலை பார்க்கும் இடத்தில் சிறிய மொழிகளைக் கணினிக்குப் பழக்குகிறோம். பேச்சைப் பதிவுசெய்வோம், பேசியதை எழுதிவைப்போம், இரண்டையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தால், நாளடைவில் அது அந்த மொழியில் எழுதியதை உரக்கப் படிக்கும். அக்காவின் மொழியைப் பேசுவது கொஞ்சம் குடும்பங்கள்தான். அதற்கென்று எழுத்து கிடையாது, ஊர்மொழி எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள். தங்கைக்குச் சில வருடங்களுக்கு முன் பார்வை போய்விட்டது. சொந்தக்காரர்கள் அனுப்பும் செய்தியை அவருடைய கைப்பேசி வாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊர்மொழி உச்சரிப்பில் அது வாசிப்பது வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். "அண்ணன் மக பிள்ளை பெத்ததை, ஏதோ இழவுச் சேதின்னு நினைச்சு அவ அழுதுட்டா தம்பி" என்றார் அக்கா.

பதிவறைக்கு முதல்நாள் வந்தபோது அவர் உட்காரவில்லை. ஒலிவாங்கியின் வயரை விரலால் பிடித்துக்கொண்டே கணினிவரை போனார். அங்கிருந்து சுவர்வரை போனார். பிறகு பக்கத்து அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அங்கே எங்கள் பொறியாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் பொண்ணு எதுக்கு இங்க ஒளிஞ்சிருக்கு?" இரைச்சல் கூடாதென்று நான் மின்விசிறியை நிறுத்தியதும் சந்தேகம் இன்னும் வலுத்தது. என்னை முதலில் பேசச் சொல்லி, பதிவைப் போட்டுக் கேட்டார். "உங்க குரல் நேர்ல இவ்வளவு நல்லா இல்லையே. இது என்னமோ சேக்குது" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

ஆனால் உட்கார்ந்துவிட்டால் வேலையில் குறை வைக்க மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். மழை, சந்தை, பல்வலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எல்லாம் படித்தார். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விரலால் மூடிக்கொண்டு அடுத்ததற்குத் தாவினார். "கதவைத் திற, நான்தான்" என்று அர்த்தம் வரும் சாதாரண வாக்கியம். ஏன் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்த பிறகு சொன்னார்.

"தங்கச்சி தனியா இருக்கா. அவ வீட்டுக் கதவுக்கு வெளியில சாவித் துவாரமே கிடையாது. நான்தான் அடைச்சேன். எந்தச் சாவியையும் நகல் எடுக்கலாம், அது எனக்குத் தெரியாதா? உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும்தான். நான் போய் இதைச் சொன்னா திறப்பா. வேற யாரு வந்தாலும் திறக்க மாட்டா. அதை நான் இதுல சொல்லிட்டுப் போகணுமா?"

அந்த வாக்கியத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். அக்காவும் நிம்மதியாக மிச்சத்தைப் படித்து முடித்தார். சாவியைக் கையில் கொடுத்தால்தானே நகல் எடுக்க முடியும், கொடுக்காத சாவிக்கு ஏது நகல் என்பது அவர் கணக்கு. உங்கள் குரலில் கணினி எதை வேண்டுமானாலும் வாசிக்கும் என்று பொறியாளர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். தான் சொன்னதில் எதை வேண்டுமானாலும் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

கணினி பேசத் தொடங்கிய அன்று அக்காவை வரவழைத்தோம். பொறியாளர் எதையோ தட்டினார். அக்காவின் குரலில், அக்காவின் மொழியில், அக்கா ஒருநாளும் சொல்லாத ஒரு வாக்கியம் வந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் சொல்லலையே."

"ஒவ்வொரு ஒலியும் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்கா. அதுவே சேத்துச் சொல்லிக்கும்" என்றார் பொறியாளர்.

"அப்போ நான் மூடி வச்சதை அடி."

அடித்தார். 'கதவைத் திற, நான்தான்.' அக்கா கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை போடச் சொன்னார். பொறியாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேண்டாம்னா சொல்லுங்கக்கா, இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன்" என்றார். அக்கா கேட்கவில்லை. அந்தக் குரலை என் கைப்பேசியில் ஏற்றச் சொன்னார். "வாங்க தம்பி. அவ திறக்கிறாளா பாப்போம். அப்புறம் சொல்றேன்." போகிற வழியில் கடைக்குப் போய்க் கருவிப்பையை எடுத்துக்கொண்டார். திறக்கவே மாட்டார், கூடப் பிறந்தவள் குரல் தெரியாதா என்று ஆறுதலாக ஏதோ சொல்லி வைத்தேன். அக்கா நடையை எட்டிப் போட்டார்.

தங்கையின் வீட்டு வாசலில் அக்கா சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டு எனக்குச் சைகை காட்டினார். நான் கைப்பேசியைக் கதவருகே பிடித்து அழுத்தினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. திறக்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு தயக்கமும் இல்லாமல் தாழ்ப்பாள் விலகியது.

"இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டியா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்குக் கையை உதறவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. அவர் விரல்கள் என் கைக்கடிகாரத்தைத் தொட்டதும் சிரிப்பு நின்றது.

அக்கா உடனே முன்னால் வந்து தங்கையைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். தங்கை முதலில் நம்பவில்லை. கைப்பேசியை வாங்கிக் காதருகே வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். "அண்ணன் மக அனுப்பறதை எல்லாம் இது உன் குரல்லயே வாசிக்குமா?" என்றார். வாசிக்கும் என்றேன். "அழிச்சிடட்டுமா, என்ன சொல்றே?" என்று அக்கா கேட்டார். தங்கை கைப்பேசியை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார். "வேணாம். இருக்கட்டும்."

பிறகு தங்கை மெல்லக் கேட்டார்: "அக்கா, நேத்து வந்தது நீதானே?"

"நான்தாண்டி."

"அதை இதுவும் சொல்லுதே."

அக்கா பையைத் திறந்து ஒரு கதவுச் சங்கிலியை எடுத்தார். அதை வரும்போதே எடுத்து வைத்திருக்கிறார். கதவில் துளை போட்டுத் திருகாணியை முறுக்கினார். சங்கிலியை மாட்டினால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் கதவு திறக்கும். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். தங்கையின் காதில் என்னமோ சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. கதவு இடுக்கு வழியாகத் தங்கையின் கை வெளியே வந்து காற்றில் தடவியது. அக்கா குனிந்து, அந்த விரல்களைப் பிடித்துத் தன் தொண்டைக்குழியில் அழுத்தி வைத்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.